வாயில்லா ஜீவனுக்கு என்ன வியாதி?

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால், "எங்கேடா கண்ணா வலிக்கிறது?" என்று கேட்கலாம். வயிற்றைத் தொட்டுக் காட்டும். காதைப் பிடித்துக்கொண்டு அழும். பேச்சு வராத பச்சைக் குழந்தையாயிருந்தாலும், அழுகிற தினுசைக் கொண்டே தாய் கண்டுபிடித்துவிடுவாள். குதிரையை யார் கேட்பது? கேட்டால்தான் அது என்ன சொல்லும்?

என் பாட்டி ஒரு ஜட்காக் குதிரையின் கதை சொல்வாள். தஞ்சாவூரில் அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வீதியின் கோடியில் ஒரு வண்டிக்காரர் இருந்தாராம். ஒரு நாள் காலையில் அவருடைய குதிரை கொள்ளைத் தொடவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. தெருவே கூடிவிட்டது. "எல்லாம் கண் திருஷ்டி!" என்றாள் ஒருத்தி. "சூலை" என்றார் ஒரு பெரியவர். "பூச்சி பொட்டு ஏதாவது கடித்திருக்கும்" என்றார் இன்னொருவர். வண்டிக்காரர் ஒன்றையும் காதில் வாங்காமல், கொள்ளையும் வெல்லத்தையும் பிசைந்து உருட்டி, குதிரையின் வாயைத் திறந்து ஊட்டிக்கொண்டே இருந்தாராம். மூன்றாம் நாள் குதிரை செத்துப் போயிற்று.

"என்ன வியாதி பாட்டி அதுக்கு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

"யார் கண்டா? குதிரையோடே போச்சு!" என்பாள்.

ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றிப் படித்தபோது, பாட்டியின் அந்த வண்டிக்காரர்தான் என் கண் முன்னே நின்றார். அங்கேயும் ஒரு குதிரை மூன்று நாளுக்குள் செத்தது. அங்கேயும் ஒருவர் அதற்குக் கையால் ஊட்டினார். ஆனால், "குதிரையோடே போச்சு" என்று அங்கே விட முடியவில்லை. ஏனென்றால், ஊட்டியவரும் போய்விட்டார்.

1994-ஆம் வருஷம், செப்டம்பர் மாதம். க்வீன்ஸ்லாந்து ராஜ்யத்தின் தலைநகரான பிரிஸ்பேன் நகரில் ஹெண்ட்ரா என்று ஒரு பேட்டை. பக்கத்திலேயே இரண்டு பந்தய மைதானங்கள். ஆகவே, அந்தப் பேட்டையில் வீட்டுக்கு வீடு காராஷெட் இருக்கிற மாதிரி குதிரை லாயங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று விக் ரெயில் என்ற பந்தயக் குதிரைப் பயிற்சியாளருடையது. இருபதுக்கு மேற்பட்ட குதிரைகள் அங்கே இருந்தன. அவற்றில் சினையாயிருந்த ஒரு பெட்டைக் குதிரைதான் நம் கதாநாயகி. அவள் பெயர் 'டிராமா சீரீஸ்'. தொடர் நாடகம்! தொடர்கதை படிக்கிற நமக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அகப்படாது. ஆனால் அந்தப் பெயரை வைத்தவர்கள் பின்னால் நடக்கப் போவதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால், அவளைச் சில மைல்களுக்கு அப்பால் கானன் ஹில் என்ற இடத்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் விட்டிருந்தார்கள். செப்டம்பர் 7-ஆம் தேதி அவளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து லாயத்துக்கு அழைத்து வந்தார்கள். கடும் ஜுரம். முகம் வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. தீனியைத் தொடவில்லை. பீட்டர் ரீட் என்ற கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். மேய்ச்சல் நிலத்தில் பாம்பு தீண்டியிருக்குமோ, விஷப் பூண்டு எதையாவது தின்றிருக்குமோ என்றெல்லாம் யோசித்தார்கள். (பாட்டி வீட்டுத் தெருவில் சொன்னதற்கும் இதற்கும் அப்படியொன்றும் பெரிய வித்தியாசமில்லை, பாருங்கள்!) பயிற்சியாளரும் லாயத்தில் வேலை பார்த்த ஒருவரும் அவளைப் பக்கத்திலிருந்து கவனித்துக்கொண்டார்கள். தின்ன மாட்டேன் என்று பிடிவாதம் செய்தவளுக்குக் கையாலேயே ஊட்டப் பார்த்தார்கள். இரண்டு நாளில், வயிற்றில் இருந்த குட்டியோடு அவள் செத்தாள்.

ஒரு குதிரை செத்தது துக்கமான விஷயம்தான். ஆனால் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயம் பிறகுதான் ஆரம்பித்தது. அடுத்த இரண்டு வாரங்களில் அந்த லாயத்துக் குதிரைகள் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தன. ஜுரம், வியர்வை, மூச்சுத் திணறல், சில குதிரைகளுக்கு மூக்கிலிருந்து இரத்தம் கலந்த நுரை. ஒரு டஜனுக்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தன, அல்லது வேதனை பொறுக்காமல் டாக்டர்களால் கொல்லப்பட்டன. இதற்கு நடுவிலேயே பயிற்சியாளருக்கும் அந்த வேலையாளுக்கும் ஜுரம் கண்டது. முதலில் சாதாரண ஃப்ளூ என்றுதான் தோன்றியது. வேலையாள் மெல்லத் தேறிவிட்டார். பயிற்சியாளர் தேறவில்லை. நுரையீரல் கெட்டு, சிறுநீரகமும் கெட்டு, செப்டம்பர் கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரியில் காலமானார். அவருக்கு வயது 49.

ஊர் என்ன செய்யும்? யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி. பந்தயம் என்றால் பணம். பணம் என்றால் பகை. ஆகவே அந்த வதந்திக்குக் கால் முளைத்ததில் ஆச்சரியமில்லை. வெளிநாட்டுக் குதிரை வியாதி ஏதாவது கப்பலேறி வந்துவிட்டதா என்று அதிகாரிகளுக்குக் கவலை. ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்று ஒன்று உண்டு. குதிரைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லக்கூடியது. அதுவாயிருந்தால் நாட்டின் குதிரைகள் அத்தனைக்கும் ஆபத்து. பந்தயங்களை நிறுத்தினார்கள். குதிரைகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று தடை போட்டார்கள்.

செத்த குதிரைகளின் உடலிலிருந்து எடுத்த துணுக்குகள் தெற்கே விக்டோரியா ராஜ்யத்தில் ஜீலாங் என்ற ஊருக்கு விமானத்தில் பறந்தன. ஆபத்தான கிருமிகளை வெளியே தப்பவிடாமல் ஆராய்வதற்கென்றே கட்டிய பெரிய ஆராய்ச்சிசாலை அங்கே இருக்கிறது. காற்றைக்கூட வடிகட்டித்தான் வெளியே விடுவார்கள். அங்கே ஒவ்வொரு சந்தேகமாகத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். விஷமா? இல்லை. ஆப்பிரிக்கக் குதிரை நோயா? இல்லை. குதிரை இன்ஃப்ளூயென்சாவா? இல்லை. கடைசியில் இரண்டு வார காலத்துக்குள் உண்மைக் குற்றவாளி அகப்பட்டது. அது ஒரு வைரஸ். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, நம் குழந்தைகளுக்கு வருகிற தட்டம்மையின் வைரஸ் இருக்கிறதே, அதற்குத் தூரத்து உறவாகத் தெரிந்தது. ஆனால் அதற்கு முன் உலகத்தில் யாருமே அதைப் பார்த்ததில்லை. காலமான பயிற்சியாளரின் சிறுநீரகத்திலும் அதே வைரஸ்! பேட்டையின் பெயரையே பின்னால் அதற்கு வைத்தார்கள்: ஹெண்ட்ரா வைரஸ். அந்தப் பேட்டைவாசிகளுக்கு இது எவ்வளவு பிடித்ததோ, தெரியாது. நம் தெருப் பெயரை ஒரு வியாதிக்கு வைத்தால் நாம் சும்மா இருப்போமா?

சரி, திருடன் பெயர் தெரிந்துவிட்டது. எந்த வழியாக வீட்டுக்குள் வந்தான்? அதுதான் பெரிய கேள்வி. லாயத்தின் மற்றக் குதிரைகளுக்கு டிராமா சீரீஸிடமிருந்து வந்தது. அவளுக்கு யாரிடமிருந்து வந்தது?

ஓராண்டு வரைக்கும் பதில் இல்லை. பிறகு, எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து ஒரு துப்புக் கிடைத்தது.

பிரிஸ்பேனுக்கு வடக்கே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி மக்கே என்ற ஊர். கரும்பு விளைகிற பிரதேசம். 1995-ஆம் வருஷம் அக்டோபரில், அந்தப் பக்கத்தில் குதிரை வளர்த்து வந்த ஒருவர் வலிப்பு வந்து, மூளைக் காய்ச்சலில் இறந்துபோனார். முப்பத்தைந்து வயதை ஒட்டியவர். அவர் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால், அதில் ஹெண்ட்ரா வைரஸின் அடையாளம்! அவருடைய மனைவி கால்நடை டாக்டர். முந்திய வருஷம் ஆகஸ்டில் அவர்கள் பண்ணையில் இரண்டு குதிரைகள் செத்திருந்தன. ஒன்றுக்கு வெண்ணெய்ப் பழ மரத்தின் இலையால் வந்த விஷம், மற்றொன்றுக்குப் பாம்புக் கடி என்றுதான் அப்போது சந்தேகித்தார்கள். மனைவி குதிரைகளை அறுத்துப் பரிசோதித்தபோது கணவர் கூட நின்று உதவி செய்திருக்கிறார். சில நாள் கழித்து அவருக்குத் தலைவலியும் ஜுரமும் வந்து குணமாகிவிட்டன. குணமாகிவிட்டதாக நினைத்தார்கள்! ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கிருமி அவருடைய உடம்புக்குள்ளேயே பதுங்கியிருந்து, பிறகு எழுந்து வந்து கொன்றிருக்கிறது. எடுத்து வைத்திருந்த குதிரைத் துணுக்குகளை மறுபடி சோதித்தார்கள். அவற்றிலும் ஹெண்ட்ராதான்.

அந்த அம்மாளைப் பற்றிப் படித்தபோது மனசு என்னவோ செய்தது. தம் தொழிலைத் தாம் செய்தார். கணவர் ஒரு கை கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

இந்தத் துப்பினால் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு விஷயம் விளங்கிற்று. மக்கேயில் ஆகஸ்ட், பிரிஸ்பேனில் செப்டம்பர். நடுவே ஆயிரம் கிலோமீட்டர். இங்கேயிருந்து அங்கே குதிரை எதுவும் போகவில்லை, வரவில்லை. ஆகவே, இரண்டு ஊரிலும் இருக்கிற ஒரு பிராணி, வேலியும் ஆறும் தடுக்க முடியாத ஒரு பிராணிதான் கிருமியைச் சுமக்க வேண்டும். ஹியூம் ஃபீல்ட் என்ற கால்நடை டாக்டர் காட்டுப் பிராணிகளைப் பிடித்துப் பிடித்து இரத்தம் எடுத்துச் சோதித்தார். எலியைப் பார்த்தார், மரத்தில் ஏறும் பாஸம் என்ற பிராணியைப் பார்த்தார். ஒன்றிலும் இல்லை. பிறகு அண்ணாந்து பார்த்தார்.

பழந்தின்னி வௌவால்!

நம் ஊரிலும் ஆலமரத்திலும் அரசமரத்திலும் தலைகீழாகத் தொங்குமே, அந்த ஜாதிதான். 1996-இல் வௌவால்களின் இரத்தத்தில் அடையாளம் கிடைத்தது. அதே வருஷம் கம்பி வேலியில் சிக்கிக்கொண்ட ஒரு பெண் வௌவாலின் கர்ப்பப்பை நீரிலிருந்து வைரஸையே பிடித்துவிட்டார்கள். அதுவும் பாவம், பிள்ளைத்தாச்சி. வேடிக்கை என்னவென்றால், இத்தனை குதிரைகளையும் மனிதர்களையும் கொன்ற கிருமி வௌவாலை ஒன்றுமே செய்வதில்லை. அதற்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. காலங்காலமாக இரண்டும் சமாதானமாகக் குடித்தனம் பண்ணி வந்திருக்கின்றன.

கானன் ஹில் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பெரிய அத்தி மரம் இருந்தது. நம் ஆலமரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். வெயில் நேரத்தில் டிராமா சீரீஸ் ஒதுங்குவதற்கு இருந்த நிழல் அதுதான். அதில் பழம் பழுக்கிற காலத்தில் இரவில் வௌவால்கள் வந்து தின்னும். எச்சில் படிந்த சக்கை கீழே விழும். மூத்திரம் புல்லில் சொட்டும். காலையில் குதிரை அந்தப் புல்லை மேயும். யாரும் விஷம் வைக்கவில்லை. கப்பலேறி எதுவும் வரவில்லை. நிழலுக்கு ஒதுங்கியதுதான் அந்தக் கர்ப்பிணி செய்த ஒரே காரியம்.

"அப்படியானால் வௌவாலிடமிருந்து நேரே நமக்கும் வந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவில் தாயை இழந்த வௌவால் குட்டிகளைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, பாட்டிலில் பால் கொடுத்து வளர்க்கிற தொண்டர்கள் இருக்கிறார்கள். (நாய்க்குட்டி, பூனைக்குட்டி கேட்டு அழுகிற குழந்தைகளின் தாய்மார்கள் இந்த வரியை வீட்டில் உரக்கப் படிக்க வேண்டாம்.) கடியும் கீறலும் அவர்களுக்குச் சர்வ சாதாரணம். அவர்கள் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஒருவரிடத்திலும் ஹெண்ட்ரா இல்லை. வௌவாலிடமிருந்து குதிரைக்கு, குதிரையிடமிருந்து மனிதனுக்கு. குதிரையின் உடம்புக்குள் புகுந்ததும் அந்தக் கிருமி கோடி கோடியாகப் பெருகுகிறது.

இதுவரை ஹெண்ட்ரா வந்ததாகத் தெரிந்த மனிதர்கள் ஏழு பேர். அவர்களில் நால்வர் இறந்தார்கள். அந்த ஏழு பேரும் யார் தெரியுமா? பயிற்சியாளர், லாயத்து ஆள், பண்ணைக்காரர், மூன்று கால்நடை டாக்டர்கள், ஒரு கால்நடை நர்ஸ். வியாதி கண்ட குதிரையையோ செத்த குதிரையையோ தொட்டு வேலை செய்தவர்கள் அத்தனை பேரும். குதிரையின் மேல் பணம் கட்டியவர்களில் ஒருவர்கூட இல்லை. 2008-இலும் 2009-இலும் இறந்த இருவரும் டாக்டர்கள். அதற்குள் வியாதியின் பெயரும் தெரியும், வழியும் தெரியும். ஆனாலும், மூச்சுத் திணறுகிற குதிரை வாசலில் நிற்கும்போது, இது ஹெண்ட்ராவா, வேறொன்றா என்று சோதனைச் சாலையிலிருந்து பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க எந்த டாக்டருக்கு மனசு வரும்?

2012-ஆம் வருஷம் நவம்பரில் குதிரைகளுக்கு ஒரு தடுப்பு ஊசி வந்தது. குதிரைக்கு ஊசி போட்டு மனிதனைக் காப்பாற்றுகிற உபாயம் இது. செலவு அதிகம் என்றும், ஊசிக்குப் பிறகு குதிரை சோர்ந்து போகிறதென்றும் சொல்லிப் போட மறுத்தவர்களும் உண்டு. நம் வீடுகளில் குழந்தைக்கு அம்மை ஊசி போடுவதைப் பற்றி நடக்கிற வாதம்தான். குதிரைக்காரர்கள் மட்டும் விதிவிலக்கா? மற்றபடி அங்கே சொல்லப்படுகிற யோசனைகள் நம் பாட்டிமார்களே சொல்லக்கூடியவை: தீனித் தொட்டியை மரத்தடியில் வைக்காதே, தண்ணீர்த் தொட்டியை மூடு, பழுக்கிற மரத்தைச் சுற்றி வேலி போடு, வியாதிக் குதிரையைத் தொடுமுன் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்.

ஹெண்ட்ராவின் கூடப் பிறந்த சகோதரனை நமக்கு நன்றாகவே தெரியும். 1998-99-இல் மலேயாப் பகுதியில் பன்றிப் பண்ணைகளில் தோன்றி, நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பலி கொண்ட நிபா வைரஸ்தான் அது. அங்கே குதிரையின் ஸ்தானத்தில் பன்றி. 2018-இல் நம் அடுத்த வீடான கேரளத்தில், கோழிக்கோட்டுப் பக்கம் அது வந்தபோது 17 பேர் இறந்தார்கள். வியாதியஸ்தரைக் கவனித்துக்கொண்ட இளம் நர்ஸ் ஒருத்தியும், சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டு, அவர்களில் ஒருத்தியாகப் போனாள். நிபாவுக்கு நடுவில் குதிரையும் வேண்டியதில்லை, பன்றியும் வேண்டியதில்லை; மனிதரிடமிருந்து மனிதருக்கே அது தொற்றும். பழத்தில் பல் பட்ட குறி இருந்தால் குப்பையில் போட்டுவிட வேண்டும் என்று அப்போது ஊரெல்லாம் சொன்னது இதனால்தான்.

இவ்வளவையும் படித்த கையோடு, "அந்த வௌவால்களை ஒழித்துக் கட்டினால் என்ன?" என்று என் வீட்டிலேயே ஒரு குரல் எழுந்தது. க்வீன்ஸ்லாந்திலும் பலர் அப்படித்தான் கேட்டார்கள். ஆனால், யூகலிப்டஸ் காடுகளில் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டு போவதும், விதையைத் தூர தூரமாகப் பரப்புவதும் அவைதாம். தவிரவும், சுட்டும் விரட்டியும் கலைத்தால் அவை வேறோர் ஊர் மரத்தில் போய்த் தொங்குமே ஒழிய, மறைந்து போய்விடாது.

டிராமா சீரீஸ் செத்து இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு, 2022-இல், இந்த விவகாரத்தின் கடைசி முடிச்சும் ஒருவாறு அவிழ்ந்தது. வௌவால் காலங்காலமாக இருக்கிறது. குதிரை ஆஸ்திரேலியாவுக்கு வந்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. அப்படியிருக்க, 1994-இல் மட்டும் ஏன் இது தலைகாட்ட வேண்டும்? இருபத்தைந்து வருஷத்துக் கணக்குகளை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். குளிர்காலத்தில் பூக்கிற சில மரங்கள் உண்டு. மற்ற ஆகாரம் கிடைக்காத அந்த மாதங்களில் அவற்றின் தேன்தான் வௌவால்களுக்குச் சோறு. விவசாயத்துக்கும் வீடு கட்டவும் அந்தக் காடுகளைப் பெரும்பாலும் வெட்டிவிட்டார்கள். பசித்த வௌவால்கள் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து, ஊருக்குள்ளும் மேய்ச்சல் நிலத்துக்கும் வந்து, அகப்பட்ட பழத்தைத் தின்றன. பட்டினி கிடக்கிற வருஷங்களில்தான் அவற்றின் உடம்பிலிருந்து கிருமி அதிகமாக வெளிப்படுகிறது. எந்தக் குளிர்காலத்தில் மிச்சமிருந்த காடு நன்றாகப் பூத்ததோ, அந்தக் குளிர்காலத்தில் வௌவால்கள் ஊரை விட்டுக் காட்டுக்குத் திரும்பின. குதிரைகளுக்கு வியாதி வரவில்லை.

கானன் ஹில் மேய்ச்சல் நிலம் இப்போது இல்லை. அங்கே வரிசையாக வீடுகள் எழும்பிவிட்டன.